மாதிரி எடுக்கும் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

புதுச்சேரியின் திருக்கனூர்ப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இப்போது புதிதாக ஓர் ஆசை வந்திருக்கிறது. நர்சிங், பி.காம்., இன்ஜினியரிங் என்று பேசிக்கொண்டிருந்த வீடுகளில் ஃபாரன்சிக் என்ற பேச்சு அடிபடுகிறது. கடைத்தெருவில் என்னைப் பார்க்கும் அம்மாக்கள் நிறுத்திக் கேட்கிறார்கள். "அக்கா, பாப்பா டிஎன்ஏதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. நீங்க அந்த வேலைதான பாத்தீங்க? படிச்சா வேலை கெடைக்குமா?"

படிக்க வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவரின் மகள் நான். தொண்ணூறுகளின் நடுவில் உயிர்வேதியியல் பட்டத்தோடு வெளிமாநில ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை டிஎன்ஏ பிரிவிலேயே இருந்துவிட்டேன். அந்த வேலையைப் போல மனதுக்கு நிறைவு தந்தது எனக்கு வேறொன்றும் இல்லை. ஆனால் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் வருவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமான வேலை ஒன்று இருக்கிறது. நாட்டுக்கும் அதுதான் இன்று அவசரம். அந்த வேலைக்கென்று காவல் வட்ட அளவில் தனி ஆளை நான் பார்த்ததே இல்லை. சம்பவ இடத்தில் மாதிரியை எடுப்பது, மருத்துவமனையில் டாக்டர் எடுத்துக் கொடுத்ததை வாங்குவது, காயவைத்து உறையிடுவது, அரக்கு முத்திரை வைப்பது, ஆய்வகத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பது. இத்தனையையும் இன்று கையில் கிடைத்தவர் செய்கிறார்.

அதனால் என்ன ஆகிறது என்பதற்குத் தேனி மாவட்டத்துச் சுருளி அருவி வழக்கைப் பாருங்கள். 2011 மே மாதம் அங்கே ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளாகியிருந்தாள். கைதான ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு நம்ப மறுத்தவற்றுள் டிஎன்ஏ அறிக்கையும் ஒன்று. மாதிரி எடுத்த நேரத்திலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும் வரை அது யார் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டிருந்தது, ஏன் அவ்வளவு தாமதம் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. பதினான்கு வருடம் கழித்து அந்த இரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்கும் பதில் இல்லை. இன்னொரு பக்கம், நிற்காத சாட்சியத்தின் பேரில் ஒரு மனிதர் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்திருக்கிறார்.

அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்குமான விதிகளையும் நீதிமன்றம் எழுதி வைத்தது. மாதிரியை எடுத்ததும் வழக்கு எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரங்களோடு உறையிட வேண்டும், மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தை அடைய வேண்டும், முடியவில்லை என்றால் காரணத்தை வழக்குக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் யாரும் பிரிக்கக் கூடாது. மாதிரி எடுத்த நாள் முதல் தீர்ப்பு வரை கைமாறிய விவரங்களுக்கென்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அது நீதிமன்ற ஆவணத்தோடு இணைக்கப்பட வேண்டும். எல்லாம் அருமையான விதிகள். படித்தபோது இது ஏன் முப்பது வருடத்துக்கு முன்பே வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த நொடியே, இவற்றைச் செய்யப்போவது யார் என்ற கேள்வியும் வந்தது.

எங்கள் பிரிவுக்கு உறைகள் எப்படி வந்து சேரும் என்பதைச் சொல்கிறேன். ரத்தம் தோய்ந்த சேலையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். பிரித்தால் பூஞ்சை மணம் முகத்தில் அடிக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கிருமிகள் சில நாள்களிலேயே டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அதே சேலையை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டிருந்தால் பல வருடம் கழித்தும் முடிவு சொல்லலாம். சில ஜாடிகளில் திசு ஃபார்மலினில் மிதந்து வரும். ஃபார்மலின் திசுவின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும். பிரேதப் பரிசோதனை அறையில் கைக்கு எட்டியது அந்த ஜாடி, அவ்வளவுதான். இரண்டு பேருடைய ஆடைகள் ஒரே உறையில் வரும். கடிதத்தில் இருக்கிற மாதிரி முத்திரை ஒன்று, உறைமேல் இருக்கிற முத்திரை வேறொன்று. எத்தனையோ உறைகளை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். திரும்பிப் போன உறை எப்போது மறுபடி வரும் என்பது யாருக்கும் தெரியாது.

கொண்டு வருகிற ஏட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. முந்தின நாள் திருவிழா பந்தோபஸ்து, ராத்திரி ரோந்து, காலையில் நீதிமன்றம், பிறகு பேருந்தில் இந்தப் பெட்டியோடு ஐந்தாறு மணி நேரப் பயணம். உள்ளே இருப்பது என்ன, அதற்கு வெயில் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு வழக்குகளில் இன்னொரு சுற்றும் உண்டு. கைப்பற்றிய பொருள் படிவம் 95-இல் எழுதி நீதிமன்றத்துக்குப் போகும், அங்கிருந்து நடுவரின் கடிதத்தோடு ஆய்வகம் வரும். வெள்ளிக்கிழமை இரவு எடுத்த மாதிரிக்கு முதல் வேலைநாளே திங்கள்கிழமைதான். 48 மணி நேரம் அதற்குள் கரைந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் எல்லையும் சேர்ந்துகொள்கிறது. மண்ணாடிப்பட்டு கொம்யூனும் விழுப்புரம் மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. சங்கராபரணி ஆற்றங்கரையில் சடலம் ஒதுங்கினால், அது யார் என்பதற்கு முன்னால் எந்த ஸ்டேஷன் எல்லை என்ற பேச்சு எழுகிறது. எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் பேச்சு ஓய்வதில்லை. சித்திரை வெயிலில் அந்தப் பேச்சு முடிவதற்குள் தசையில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. பல்லும் தொடை எலும்பும்தான் கதி.

தொடை எலும்பு என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. கரும்பு வெட்டப் போனவர்கள் கொல்லைக்குள் கண்ட எலும்புக்கூடு அது. காணாமல் போன பையன் ஒருவனுடையதாக இருக்கலாம் என்று சந்தேகம். ரத்தம் கொடுக்க அவன் அம்மாவைப் போலீஸார் ஆய்வகத்துக்கே அழைத்து வந்திருந்தார்கள். கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "இது எம்புள்ளையா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கேம்மா. ஆனா யாருன்னு தெரிஞ்சாப் போதும்னும் இருக்கு."

எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், தொட்டவர்களின் டிஎன்ஏ அதில்தான் இருக்கும். கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து, சிறு துண்டு வெட்டி, திரவ நைட்ரஜன் குளிரில் அரைப்போம். சூடு ஏறினால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் அந்தக் குளிர். கிடைக்கிற வெண்பொடியை ஈடிடிஏ கரைசலில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும், புரதத்தைச் செரிக்கும் நொதியில் இரவு முழுக்க விட வேண்டும். மறுநாள் சொட்டு நீரில் டிஎன்ஏ இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற நேரத்தில் அறையில் யாரும் பேச மாட்டோம். இருந்தால் அதைப் பிசிஆர் கருவியில் கோடிக்கணக்கில் பெருக்கி, ஜெனடிக் அனலைசரில் ஓட்டுவோம். திரையில் சிகரம் சிகரமாகக் கோடுகள் எழும். நம் மரபணுத் தொகுதியில் சில இடங்களில் நான்கெழுத்துத் துணுக்கு ஒன்று அடுத்தடுத்து பல முறை வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் ஆளுக்கு இரண்டு எண்கள், ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. டி21எஸ்11 என்ற இடத்தில் அந்த அம்மாவுக்கு 29, 31.2. எலும்பில் 29, 30. அடுத்த இடத்திலும் ஓர் எண் பொது. அதற்கடுத்ததிலும். பார்த்த எல்லா இடங்களிலும் அப்படியே. கடைசியில் அறிக்கையில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வழக்கில் எலும்பு ஒழுங்காக வந்தது. காகிதத்தில் சுற்றி, தனி உறையில், கண்டெடுத்த நேரம் எழுதி, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன ஒவ்வொரு முறையும் கையெழுத்தோடு. எழுதியவர் ஒரு பெண் உதவி ஆய்வாளர். யாரோ ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னதை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்ததற்கு என் இயந்திரங்களைவிட அவர் கையெழுத்துக்கே அதிகப் பங்கு என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் டிஎன்ஏ சாட்சியம் நம் கண்முன்னே வளர்ந்த ஒன்று. இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984-இல் கண்ட டிஎன்ஏ அடையாள முறையை, ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தில் லால்ஜி சிங் தனக்கென ஒரு சொந்த வழியில் 1988-க்குள் சாதித்தார். ஜான்பூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர் அவர். அடுத்த ஆண்டே கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அந்த முறை ஏற்கப்பட்டது. நான் சேர்ந்த காலத்தில் கதிரியக்கப் பாஸ்பரஸும் எக்ஸ்ரே ஃபிலிமும்தான். ஃபிலிமில் பட்டை விழ நாள்கணக்கில் காத்திருப்போம்.

தமிழ் வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கிற வழக்கு, விராலிமலை அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுடையது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் கருவின் திசுவை சிசிஎம்பி பரிசோதித்தது. எதிர்த் தரப்பு இங்கிலாந்திலிருந்தே நிபுணரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அத்தனை கேள்விகளையும் தாண்டி அறிக்கை நின்றது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பெழுதிய ஆர்.பானுமதி பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2005-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. செல்வாக்குள்ள ஒருவருக்கு எதிராக ஆதரவற்ற பெண் பிள்ளைகள் சொன்னதை நீதிமன்றம் நம்புவதற்கு அறிவியல் துணை நின்றது. எங்கள் தலைமுறை ஆய்வாளர்களுக்கு அது தந்த தெம்பு கொஞ்சமல்ல.

அந்தத் தெம்பே இன்று சிலருக்கு மூட நம்பிக்கையாகிவிட்டது. டிஎன்ஏ பொருந்திவிட்டது என்றால் முடிந்தது கதை என்கிறார்கள். ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-இல் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, அதற்கு முன்னும் பின்னும் ஆஸ்திரியா, பிரான்ஸ் வரை பல குற்றங்களில் கிடைத்த ஒரே பெண்ணின் டிஎன்ஏவோடு பொருந்தியது. அந்த 'பெண் கொலையாளி'யை வருடக்கணக்கில் தேடினார்கள். 2009-இல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சி கிருமி நீக்கப்பட்டிருந்தது, டிஎன்ஏ நீக்கப்படவில்லை. ஆய்வகத்தில் எந்தப் பிழையும் இல்லை. இயந்திரம் தனக்குக் கொடுத்ததைச் சரியாகவே படித்தது.

நம் நாட்டிலும் டெல்லியில் 2012-இல் நடந்த ஓர் இளம்பெண்ணின் கொலை வழக்கில், மரண தண்டனை பெற்ற மூவரை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் காவல் நிலையப் பொருள் அறையில் நாள்கணக்கில் கிடந்தது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தப் பெண்ணின் பெற்றோரை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தீர்ப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த உறைக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்காமல் விட்ட ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

புதுக்கோட்டை வேங்கைவயலையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமைக்குப் பிறகு, சிபிசிஐடி பலரிடம் டிஎன்ஏ மாதிரி கேட்டது. பாதிக்கப்பட்ட மக்களில் சிலர் தர மறுத்தார்கள். தண்ணீரில் கலந்து கரைந்துபோன பொருளிலிருந்து தெளிவான தனி ஆளின் அடையாளம் எடுப்பது எவ்வளவு கடினம் என்று எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எடுத்த மாதிரிகள் பொருந்தவில்லை என்ற செய்திதான் கடைசியில் வந்தது. அவமானப்பட்ட மக்களையே வரிசையில் நிற்க வைத்து ரத்தம் கேட்பதற்கு முன், இந்தச் சோதனையால் என்ன கிடைக்கும் என்று சொல்லக்கூடிய ஒருவர் தொட்டியருகே முதல் நாளே நின்றிருக்க வேண்டும்.

       

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதைக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம். 2029-இன் நடுவில் கெடு முடிகிறது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு வேன் கிளம்பி எல்லா ஊருக்கும் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டால் அந்தக் கெடு காகிதத்தில்தான் நிறைவேறும். கொலைக்கு வேன் வரும். வீட்டுக்குள் நடந்த பாலியல் கொடுமைக்கு, வாய்க்காலில் கிடந்த அடையாளம் தெரியாத உடலுக்கு வருமா?

அதனால் நான் கேட்பது ஒவ்வொரு காவல் வட்டத்துக்கும் ஒரு நிரந்தரப் பணியிடம். தடய அறிவியலோ உயிரியலோ பட்டம் படித்தவர்கள். மூன்று மாதமாவது ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, எந்த உறை ஏன் திரும்பிப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். சம்பளமும் மேலதிகாரியும் தடய அறிவியல் துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், காவல் துறையினுடையதாக இருக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. யாரைக் கைது செய்திருக்கிறார்கள் என்று தெரியாதவர்தான் மாதிரியைத் தொட வேண்டும். பாலியல் வழக்குகளில் உடலிலிருந்து மாதிரி எடுப்பது மருத்துவரின் வேலை, அது அப்படியே இருக்கட்டும். டாக்டர் எடுத்ததை அந்த நிமிடமே வாங்கி உலர்த்திப் பூட்ட ஒருவர் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். அவர் பெண்ணாக இருந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் ஆறுதல்.

நீதிமன்றம் வழியாகச் சுற்றி வரும் கடிதமும் மாற வேண்டும். மாதிரி நேரே ஆய்வகம் போகட்டும், நடுவருக்கு அதே நேரத்தில் மின்னஞ்சலில் தகவல் போகட்டும். இதற்கு உயர் நீதிமன்றங்கள் மனம் வைக்க வேண்டும்.

ஆய்வகத்துக்குள் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிற வழக்கம் பெருகிவிட்டது. டிஎன்ஏ அறிக்கையில் கையெழுத்திட்டவர் நான்கு வருடம் கழித்துக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். "அன்றைக்கு உறையின் முத்திரை எப்படி இருந்தது?" என்று வக்கீல் கேட்பார். ஒப்பந்தம் முடிந்து வேறு மாநிலத்தில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் எந்தக் குறிப்பைப் பார்த்துப் பதில் சொல்வார்? கூண்டில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அங்கே மறுபடி மறுபடி கேட்கப்படுவது டிஎன்ஏ பற்றியது இல்லை. உறையைப் பற்றியதுதான். எனக்கு நடந்த குறுக்கு விசாரணைகளில் பிசிஆர் பற்றிக் கேட்டவர்கள் சொற்பம். பெட்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் பிரித்தது, அப்போது யார் உடனிருந்தது என்றுதான் மணிக்கணக்கில் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தக் கேள்விதான் பாதுகாப்பு. இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு கொலை வழக்கில் டிஎன்ஏ பயன்பட்டபோது, 1986-இல், அது முதலில் செய்த காரியம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயதுப் பையனை நிரபராதி என்று வெளியே விட்டதுதான்.

புதுச்சேரி சின்னப் பிரதேசம். இங்கே தொடங்கினால் பெரிய செலவு பிடிக்காது. வட்டத்துக்கு ஒரு ஆள், டிஎன்ஏ நீக்கியதற்குச் சான்று பெற்ற பஞ்சுக் குச்சிகள், காகித உறைகள், ஈடிடிஏ குழாய்கள், மின்சாரம் போனாலும் நிற்காத ஒரு குளிர்பெட்டி, துணி உலர்த்தப் பூட்டுப் போட்ட ஒரு சிறு அறை, உச்ச நீதிமன்றம் சொன்ன பதிவேடு. அந்த ஆளுடைய டிஎன்ஏ விவரமும் ஆய்வகத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும், மாதிரியில் தப்பித்தவறி அவருடையது கலந்தால் உடனே தெரிந்துவிடும். திருக்கனூர், வில்லியனூர், பாகூர் என்று கிராமப்புற வட்டங்களில் முதலில் வைத்துப் பாருங்கள். நகரத்தில் மருத்துவமனையும் நிபுணர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். இங்கே ஆற்றங்கரையிலும் கரும்புக் கொல்லையிலும்தான் நேரம் வீணாகிறது. சட்டசபையில் எங்கள் தொகுதிக்காரர்கள் வரும் பட்ஜெட்டில் இதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் புள்ளி விவரம் வேண்டுமென்றால், கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை உறைகள் எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தன என்ற ஒரே ஒரு கணக்கை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.